எதை முதலில் கற்பது?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, தானாகக் கற்றுக்கொள்வது பற்றி இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "நான் ஆழ்வார்திருநகரியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பேராசிரியர்கள் இருக்கிற மேடையில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "அதனாலதான் உங்களைக் கூப்பிடுதோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆகவே பிழை இருந்தால் பாதிப் பொறுப்பு அவருடையது.

நான் 1981-ல் இந்தக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். கடைசி பெஞ்ச். பட்டத்தைக் கையில் வாங்கியதும் அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். டைப்ரைட்டிங்கில் சேர்ந்து லோயர் முடித்தேன். "வடக்கே வேலை கிடைச்சாலும் கிடைக்கும்" என்று யாரோ சொன்னதால் இந்தி வகுப்புக்குப் போனேன். பிறகு பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துத் தபால் வழியில் ரேடியோ மெக்கானிசம் படிக்கப் பணம் கட்டினேன். அந்தப் பணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. நாலு பாடப் புத்தகமும் ஒரு பொட்டலம் உதிரிப் பாகமும் வந்தன. அதற்கப்புறம் நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. கம்மல் மூழ்கிப்போனது. அம்மா கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இன்று யோசித்துப் பார்த்தால், நான் சோம்பேறியாக இருக்கவில்லை. மூன்று வருஷத்தில் மூன்று காரியம் படித்தேன். ஆனால் ஒன்றைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்தவன் படிக்கிறான், நானும் படித்தேன். அதுதான் கோளாறு.

எங்கள் அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுப் பகுதியில் கொஞ்சம் வாழை இருந்தது. கிணற்றில் மூன்று பேஸ் மோட்டார். 1984 கோடையில், வாழை குலை தள்ளுகிற நேரம் பார்த்து மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, கழற்றிக் கொண்டுபோய், காயில் கட்டித் திரும்பக் கொண்டுவர பதினோரு நாள் ஆனது. அதற்குள் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. வந்த மோட்டார் ஆறாவது நாள் மறுபடியும் எரிந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏலே, பதினஞ்சு வருஷம் படிச்சிருக்கே. இது ஏன் எரியுதுன்னு ஒனக்குச் சொல்லத் தெரியுமாலே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டார். அதுதான் வலித்தது.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. நம்மாழ்வார் புளியமரத்தடியில் பதினாறு வருஷம் வாய் திறக்காமல் இருந்தார் என்றும், மதுரகவி வந்து ஒரு கேள்வி கேட்ட பிறகே பேசினார் என்றும் சொல்லுவார்கள். அது ஆன்மீக விஷயம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் கேள்வி வராமல் படிப்பு வாய் திறக்காது என்பது என் அனுபவத்திலும் உண்மை. அப்பாவின் கேள்வி வந்த பிறகே எனக்குப் படிப்பு ஆரம்பித்தது.

மறு வாரமே மோட்டார் கட்டுகிற ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். முதலாளி, "பி.ஏ. படிச்ச பிள்ளைக்கு இங்க என்னய்யா வேலை" என்றார். மூன்று மாதம் எரிந்த காயிலை வெட்டி எடுப்பதும் ஸ்லாட் சுத்தம் செய்வதும்தான் வேலை. ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குத் தாவுகிறது என்பதை வெட்டுவதற்கு முன்பே எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கடையில் யாரும் அப்படி எழுதியதில்லை. எல்லாம் மனக்கணக்கு. வரலாற்றுத் துறையில் எங்கள் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த பழக்கம் அது: சான்றைக் கலைப்பதற்கு முன் குறித்துக்கொள்.

அந்த நோட்டை வைத்துத்தான் அப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மூன்று பேஸில் ஒரு பேஸ் வராமல் போனாலும், ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் உடனே நின்றுவிடாது. மிச்சம் இருக்கிற இணைப்பிலேயே அதிகக் கரண்டை இழுத்துக்கொண்டு ஓடும், சூடாகும், எரியும். காயிலே சாட்சி சொல்லும். ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு பேஸின் காயில்கள் கருகி ஒன்று மட்டும் புதுசு போல இருக்கும். டெல்டாவாக இருந்தால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். எல்லாமே ஒரே மாதிரிக் கருகியிருந்தால் அது வேறு காரணம்: சுமை அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது. எங்கள் கிணற்றடி ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு ப்யூஸ் பிடிமானம் தளர்ந்து கிடந்தது. அதைச் சரி செய்யாமல் எத்தனை தடவை காயில் கட்டினாலும் எரியத்தான் செய்யும். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அப்போ பி.ஏ. வீண் போகல" என்றார். எனக்கு அதுதான் பட்டமளிப்பு விழா.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கல்லூரிப் படிப்பு வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. அப்படிப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. கல்லூரி எனக்கு எப்படிக் கேட்பது என்று கற்றுக் கொடுத்தது. எதைக் கேட்பது என்பதை நான்தான் தேட வேண்டியிருந்தது.

தானாகக் கற்றவர் என்றதும் நம் நாட்டில் எல்லோரும் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைச் சொல்லுவார்கள். 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன் மேல் ஆசைப்பட்டு, கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஓட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை. பிரித்து, மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான மின்சார மோட்டாரைக் கொண்டுவந்தார். எங்கள் அப்பாவின் கிணற்றில் கிடந்ததும் கோயம்புத்தூர் மோட்டார்தான். அவர் எல்லாவற்றையும் கற்கப் புறப்படவில்லை என்பதைப் பாருங்கள். கைக்கு எட்டுகிற ஒரு பொருளை எடுத்து அதை முழுசாகக் கற்றார். அது அடுத்ததைக் காட்டியது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவருக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று படித்தது ஏராளம். அந்த வருஷம் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைச் சந்திக்கப் போனார். தான் படித்த நூல்களையெல்லாம் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. அந்த ஒரு கேள்வியில் ஐயருடைய வாழ்க்கையே திரும்பிவிட்டது.

சிந்தாமணி ஜைன நூல். அந்தச் சமயம் அவருக்குப் புதிது. யாரிடம் பாடம் கேட்பது? கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். உரையில் வருகிற மேற்கோள் எந்த நூலிலிருந்து வந்தது என்று தெரியாதபோது, தாமே அகராதி போலக் குறிப்பு எழுதித் தேடினார். 1887-ல் சிந்தாமணி அச்சானது. பிறகு மணிமேகலைக்கு வந்தபோது பௌத்தம் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் செய்திகள் ஆங்கிலப் புத்தகங்களில் இருந்தன. முதலில் ஆங்கிலத்தை முழுசாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் படித்துச் சொல்ல, கேட்டுக்கொண்டார். 1898-ல் மணிமேகலை வெளிவந்தது.

இடையில், பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர் எங்கள் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர்கள் வீடுகளில் ஏடு குவிந்து கிடந்தது. தேடித் தேடிப் பார்த்தும் வேண்டியது அகப்படவில்லை. கடைசியில் லக்ஷ்மண கவிராயர் என்பவர், உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஏட்டை வாங்கிவந்து கொடுத்தார். அதில் பத்துப்பாட்டு இருந்தது. 1889-ல் அது புத்தகமாயிற்று. நான் தினமும் சைக்கிளில் போகிற தெருக்களில் இது நடந்திருக்கிறது. நாற்பது வயது வரை எனக்கு இது தெரியாது!

தானாகக் கற்பது என்றால் தனியாகக் கற்பது என்று நிறையப் பேர் நினைக்கிறோம். ஐயர் தனியாகவா கற்றார்? ஜைனரிடம் கேட்டார், சக ஆசிரியரிடம் கேட்டார், கவிராயரிடம் கேட்டார். எதைக் கற்க வேண்டும் என்பதை மட்டும் தானாகத் தீர்மானித்தார். இதுதான் வித்தியாசம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1987-ல் சொந்தமாகக் கடை போட்டேன். முதல் மாதத்திலேயே ஓர் ஆச்சியின் மோட்டாரை நான் கட்டிக் கொடுத்து, நாலே நாளில் எரிந்தது. அவசரத்தில் வார்னிஷ் சரியாகக் காயவிடாமல் பூட்டிவிட்டேன். கம்பி வாங்கின காசு என் கையிலிருந்து போனது. ஆச்சி, "போட்டும்யா, நீயும் எங்கனயாவது படிக்கணுமே" என்றாள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். படித்துப் பார்ப்பது நம் பொருளில் இருக்க வேண்டும், அடுத்தவர் பொருளில் இருக்கக் கூடாது.

அடுத்து நான் சொல்லப்போவதை மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். 2009-ல் என் கடையில் வேலை பழகிய பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் கரண்ட் அடித்துவிட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அது எனக்குத் தெரியும். பையன் கீழே கிடந்தான், மூச்சு இல்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் மின்சாரத்தோடு வாழ்ந்தவன், கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து, அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார்கள். "நிக்காதிய, 108-க்குப் போன் பண்ணுங்க" என்று என்னை அதட்டினார்கள். அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

தப்பு என்னுடையது. மெயினை அணைத்துவிட்டுத் தொடு என்று வாயால் சொன்னேனே தவிர, கையால் பழக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, மோட்டாரில் புதுசு புதுசாக எத்தனையோ கற்ற நான் இந்த ஒன்றைக் கற்காமல் விட்டது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னவெல்லாம் எனக்குத் தெரியாது என்று அதே பழைய நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் அவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம் என்று பட்டது. தம்பி தங்கைகளுக்கு நான் கொடுக்கக் கூடியது இந்த நாலு வகைதான்.

முதல் வகை: தேவை வருகிற நேரத்தில் கற்க நேரம் இல்லாதவை. நீச்சல், முதலுதவி, நெஞ்சை அழுத்தி மூச்சைத் திருப்புவது, வீட்டு மெயின் எங்கே இருக்கிறது, கேஸ் கசிந்தால் என்ன செய்வது. தண்ணீரில் விழுந்த பிறகு நீச்சல் புத்தகத்தைத் திறக்க முடியாது. இவற்றில் ஆசை, விருப்பம் என்ற பேச்சே இல்லை. எல்லோரும், எல்லாவற்றுக்கும் முன்னால் கற்க வேண்டியவை. எங்கள் காலத்தில் தாமிரபரணிதான் நீச்சல் பள்ளிக்கூடம், அண்ணன்தான் வாத்தியார். இன்று ஆற்றங்கரை ஊர்ப் பிள்ளைகளிலேயே நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர்! அதிலும் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதே இல்லை. நெஞ்சை அழுத்துவதைப் பயிற்சி வகுப்பில், பொம்மையை வைத்துக் கற்க வேண்டும். நெஞ்சின் நடுவில், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி அழுத்தச் சொல்கிறார்கள். நான் ஐம்பது வயதில் கற்றேன். வெட்கப்படவில்லை.

இரண்டாம் வகை: ஒன்றைக் கற்றால் பத்தை இழுத்து வருபவை. கணக்கு எழுதுவது, தெளிவாக ஒரு கடிதம் எழுதுவது, ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்வது, வரைபடம் பார்ப்பது, அளப்பது. எந்தத் தொழிலுக்குப் போனாலும் இவை கூடவே வரும். என் கடை பத்து வருஷம் நஷ்டத்தில் ஓடியதா லாபத்தில் ஓடியதா என்றே எனக்குத் தெரியாது. என் மனைவி பேரேடு எழுதக் கற்றுக்கொண்ட பிறகே தெரிந்தது. நான் தொழிலைக் கற்றேன், அவள்தான் கடையைக் காப்பாற்றினாள்.

மூன்றாம் வகை: தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம் என்பவை. இதில்தான் நம் பிள்ளைகள் காலத்தைக் கரைக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் மென்பொருள் புதிதாக வந்தது என்றால் உடனே ஒரு கோர்ஸ், ஒரு சர்டிபிகேட். அடுத்த வருஷம் அது மாறிவிடும். வேலை கையில் வரட்டும், ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். அடிப்படை தெரிந்தவனுக்கு அது போதும். என் டைப்ரைட்டிங், இந்தி, ரேடியோ எல்லாம் இந்த வகை. இந்தியில் குற்றமில்லை, ரேடியோவில் குற்றமில்லை. எனக்கு அப்போது அவற்றால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

நான்காம் வகை: தானாகக் கற்றுச் செய்யவே கூடாதவை. வைத்தியம், மின்கம்பத்தில் ஏறுவது, கட்டடத்துக்குக் கம்பி கணக்குப் போடுவது. இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், நல்லது. ஆனால் உரிமமும் முறையான பயிற்சியும் இல்லாமல் கை வைக்காதீர்கள். யூடியூப்பைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன இருக்கு அண்ணாச்சி" என்று என்னிடமே சொன்ன பிள்ளைகள் உண்டு. வீடியோவில் கரண்ட் அடிக்காது, தம்பி.

இப்போது வசதிகள் ஏராளம். எனக்கு 1984-ல் கிடைக்காத விளக்கப் படம் எல்லாம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. என்.பி.டி.இ.எல். வழியாக ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடம் வீட்டுக்கே வருகிறது. 2022-ல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் காலத்தில் பாடம் கிடைக்கவில்லை என்பது கஷ்டம். உங்கள் காலத்தில் எதை விடுவது என்பது கஷ்டம். அதனால் ஒரு விஷயத்தைக் கற்க ஆரம்பிக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை வைத்து இந்த வருஷத்துக்குள் யாருடைய எந்தக் காரியத்தை முடிப்பேன்? நான் செய்வது தப்பு என்று எனக்குச் சொல்ல எட்டின தூரத்தில் ஓர் ஆள் இருக்கிறாரா? இதைச் சொல்லித் தருகிறவர் தன் கையால் செய்தவரா, சும்மா பேசுகிறவரா? மூன்றாவது கேள்வி வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குக் கம்மல் போனது அதைக் கேட்காததால்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. சென்னைக்குப் போக வேண்டிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் நாள் கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்ததும் சேறு அப்பின மோட்டார்கள் என் கடை வாசலில் வரிசையாகக் கிடந்தன. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுவதை மறுபடியும் காயவைத்து, பேரிங் மாற்றி, ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். ஆள் போதவில்லை. அப்போது பி.காம். படிக்கிற ஒரு தங்கச்சி, தன் வீட்டு மோட்டாரைக் கொண்டுவந்தவள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து எண் போட்டு எழுத ஆரம்பித்தாள்: யாருடையது, என்றைக்கு வந்தது, மெக்கர் என்ன காட்டியது, யார் வீட்டில் குடிதண்ணீருக்கு இது ஒன்றே வழி. அந்தக் கடைசிக் குறிப்பை வைத்துத்தான் எதை முதலில் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து நாளில் மெக்கர் பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

போகும்போது, "அடுத்து நான் என்ன படிக்கலாம், மாமா?" என்று கேட்டாள். "ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்றேன். "தெரியாது" என்றாள். வெள்ளத்தில் மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்த பிள்ளை! "அப்போ முதலில் அது. மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றேன். என் மகளிடம் சொல்லிக் கற்றுக் கொடுக்கச் செய்தேன்.

இங்கே இருக்கிற மாணவச் செல்வங்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்குத் தெரியாததை எழுதுங்கள். முதல் வகையிலிருந்து ஒன்று, இரண்டாம் வகையிலிருந்து ஒன்று, இரண்டே இரண்டு. அடுத்த வருஷக் கூட்டத்துக்கு வரும்போது அந்த இரண்டும் கையில் இருக்க வேண்டும். பழைய மாணவர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாம் ஒவ்வொருவரும் கையால் செய்யத் தெரிந்த ஒன்றைச் செயலாளரிடம் எழுதிக் கொடுப்போம். பிள்ளைகள் தேடி வந்தால், தப்பைத் திருத்த ஓர் ஆள் இருக்கட்டும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை திறந்திருக்கும், வரலாம்.